சுவர் சொல்கிறபடிதான் கொதிக்கிறது

நூறு மைக்ரான் அகலமுள்ள கால்வாய்க்குள் தண்ணீரை ஓடவிட்டுக் கொதிக்க வைப்பது என் தொழில். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்குதான் நூறு மைக்ரான். கொஞ்சம் தடித்த தலைமுடியின் பருமன். சிலிக்கான் வில்லையில் அப்படிப்பட்ட கால்வாய்களை வரிசையாகச் செதுக்கி, மேலே கண்ணாடி மூடியிட்டு, அடியில் மெல்லிய பிளாட்டினப் பட்டை ஒன்றைப் படியவைத்து மின்சாரத்தால் சூடேற்றுவோம். ஒரு முனையில் நீர் நுழையும். மறுமுனையில் நீரும் ஆவியும் கலந்து வெளியேறும். இடையில் இருப்பது இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. அந்தத் தூரத்துக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ளத்தான் நானும் என்னோடு வேலை பார்த்தவர்களும் எங்கள் நல்ல வயதைக் கொடுத்திருக்கிறோம்.

இதனால் யாருக்கு என்ன பயன் என்று ஊரில் கேட்பார்கள். தரவு மையங்களைச் சொல்வேன். செயற்கை நுண்ணறிவுக்குப் பயன்படும் என்விடியா எச்100 சில்லின் பரப்பு 814 சதுர மில்லிமீட்டர். அது 700 வாட் வரை மின்சாரத்தை உண்டு, அத்தனையையும் வெப்பமாக வெளியே தள்ளுகிறது. சதுர சென்டிமீட்டருக்கு 86 வாட் என்று கணக்கு வரும். அதற்குப் பிறகு வந்த சில்லுகள் 1,000 வாட்டைத் தொட்டுவிட்டன. விசிறி வைத்து ஊதி இந்தச் சூட்டை அள்ள முடியாது. தண்ணீர்தான் அள்ள வேண்டும்.

இதை முதலில் துணிந்து செய்து காட்டியவர்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டக்கர்மனும் பீஸும். 1981இல் சிலிக்கானில் 50 மைக்ரான் அகலக் கால்வாய்களைச் செதுக்கி, அவற்றில் தண்ணீரைச் செலுத்தி, சதுர சென்டிமீட்டருக்கு 790 வாட் வெப்பத்தை வெளியே எடுத்தார்கள். சில்லின் சூடு நீரின் சூட்டைவிட 71 டிகிரிதான் கூடியது. இன்றும் அந்தக் கட்டுரையைப் படித்தால் எனக்குச் சிலிர்க்கும். ஆனால் அவர்கள் நீரைக் கொதிக்க விடவில்லை, வெறுமனே ஓடவிட்டார்கள். அவ்வளவு குறுகிய வழியில் அவ்வளவு நீரைத் தள்ள நல்ல அழுத்தம் வேண்டும், பம்புக்குச் செலவும் உண்டு.

கொதிக்க விட்டால் கணக்கே மாறிவிடும். ஒரு கிராம் நீரை 20 டிகிரி சூடேற்ற 84 ஜூல் போதும். 100 டிகிரியில் நிற்கும் அதே ஒரு கிராமை ஆவியாக்க 2,257 ஜூல் வேண்டும். அந்த உள்ளுறை வெப்பம் முழுவதையும் நீர் தன்னோடு எடுத்துப் போகிறது. அதே வேலைக்குக் கொஞ்சம் நீர் போதும். கொதிக்கும் இடம் முழுக்க ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் இருப்பதால் சில்லுக்கும் நல்லது. படிக்கும்போது இத்தனை எளிமையாக இருப்பது, செய்யும்போது ஏன் இத்தனை முரண்டு பிடிக்கிறது என்பதுதான் என் கதை.

விநாடிக்குப் பத்தாயிரம் படம் எடுக்கும் கேமராவில் கால்வாயைப் பாருங்கள். பக்கச் சுவரில் ஒரு கரும்புள்ளி தெரியும். அடுத்த சில படங்களிலேயே அது குமிழாகிவிடும். இன்னும் சில படங்களில் எதிர்ச்சுவரைத் தொட்டுவிடும். அகலத்தில் வளர இனி இடமில்லை. நீர் ஆவியானால் சாதாரணக் காற்றழுத்தத்தில் கனஅளவு சுமார் 1,600 மடங்கு பெருகும். அத்தனையும் கால்வாயின் நீளவாக்கில்தான் போயாக வேண்டும். எனவே குமிழ் இரு பக்கமும் ஓடும். வெளிவாய்ப் பக்கம் ஓடினால் நல்லது. உள்வாய்ப் பக்கம் ஓடினால், வந்துகொண்டிருக்கும் நீரை அப்படியே பின்னுக்குத் தள்ளும். தள்ளப்பட்ட நீர் பக்கத்துக் கால்வாய்க்குள் புகுந்துவிடும். குமிழ் பிறந்த கால்வாய் நீரின்றிக் காயும், அதன் அடித்தளம் சுடும். பிறகு ஆவி வெளியேறி, நீர் மறுபடி பாய்ந்து வரும். மறுபடி குமிழ். இதெல்லாம் கண் இமைக்கும் நேரத்துக்குள் பலமுறை நடந்துவிடும். அழுத்தமானி நடுங்கும், பம்பின் ஓசைகூட ஏறி இறங்கும். கணினித் திரையில் வெப்பநிலைக் கோடு மேலும் கீழும் குதிப்பதைப் பார்த்துக்கொண்டு இருப்பது மனசுக்குச் சங்கடமான வேலை. ஒவ்வொரு குதியும் ஒரு சில்லுக்குள் ஏறும் விரிசல்தானே.

உள்வாயைக் குறுக்கிவிட்டால் நீர் பின்னால் ஓடாது. பலரும் செய்கிறார்கள், நாங்களும் செய்தோம், பலனும் உண்டு. ஆனால் குறுக்கிய இடத்தில் அழுத்தம் வீணாகிறது. கொதிக்க வைப்பதால் பம்பில் மிச்சம் பிடித்ததை வாசலிலேயே செலவழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. குமிழ் எங்கே பிறக்கிறது, பிறந்தபின் அதைச் சுற்றி நீர் நிற்கிறதா, காய்ந்த இடத்துக்குத் திரும்ப நீர் வருகிறதா? இந்த மூன்றையும் தீர்மானிப்பது சுவர். நீர் அந்தச் சுவரை எவ்வளவு நனைக்கிறது என்பதுதான் கேள்வி.

நனையும் தன்மையை அளக்கப் பள்ளிப் பாடத்திலேயே ஒரு கோணம் உண்டு: சேர்கோணம். சமதளத்தில் ஒரு சொட்டு நீர் வைத்தால், சொட்டின் விளிம்பு தளத்தைத் தொடும் இடத்தில், நீரின் பக்கமாக அளக்கும் கோணம் அது. நன்றாகச் சுத்தம் செய்த கண்ணாடியில் நீர் பரவிப் படிந்துவிடும், கோணம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும். டெஃப்லானில் உருண்டு நிற்கும், 110 டிகிரி அளவில் வரும். 90க்குக் கீழே இருந்தால் நீர்நாட்டமுள்ள பரப்பு, மேலே போனால் நீர்விலக்கும் பரப்பு என்பது வழக்கம். இந்தக் கோணத்தை மூன்று பரப்பு இழுவிசைகளின் சமநிலையாக விளக்கியவர் தாமஸ் யங், 1805இல். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், கொதித்தலில் இந்தக் கோணத்துக்கு உரிய இடத்தைக் கொடுப்பதில் எங்கள் துறை நெடுங்காலம் தயங்கியே நின்றது.

அந்தத் தயக்கம் எப்படி வந்தது என்று தெரிய வேண்டுமானால் அடுப்படிக்குப் போக வேண்டும். தோசைக்கல் பதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்க அம்மா நீர் தெளிப்பார். லேசான சூட்டில் நீர் அமைதியாக ஆவியாகும். இன்னும் சூடானால் சுர்ரென்று கொதித்து மறையும். அதையும் தாண்டிக் காய்ந்துவிட்டால் சொட்டு முத்தாக உருண்டோடும், சீக்கிரம் ஆவியாகாது. சொட்டுக்கும் கல்லுக்கும் நடுவே ஆவிப்படலம் ஒன்று உருவாகி, நீரைத் தொடவிடாமல் தடுக்கிறது. செக்கச் சிவக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் இதைப் பார்த்து 1756இல் லைடன்ஃப்ராஸ்ட் எழுதினார். 1934இல் ஜப்பானில் நுகியாமா, நீருக்குள் மெல்லிய உலோகக் கம்பியைச் சூடேற்றி, கொதித்தலின் முழு வளைகோட்டையும் வரையும் வழியைத் திறந்தார். சூட்டைக் கூட்டக் கூட்ட வெப்பம் வெளியேறுவதும் கூடிக்கொண்டே போய், ஓர் உச்சத்தைத் தொடும். அதற்குமேல் போனால் ஆவிப்படலம் மூடிவிடும், கம்பியின் வெப்பநிலை சட்டென்று நூற்றுக்கணக்கான டிகிரி தாவும். அந்த உச்சத்தைத்தான் மாறுநிலை வெப்பப் பாயம் என்கிறோம். அதைத் தாண்டினால் கருவி கருகிவிடும்.

1959இல் சூபர் அந்த உச்சத்துக்கு ஒரு சூத்திரம் தந்தார். நீருக்கு, சாதாரணக் காற்றழுத்தத்தில், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 110 வாட். மேலெழும் ஆவியும் கீழிறங்கும் நீரும் வழிக்காக முட்டிக்கொள்வதை வைத்து எழுதிய அழகான கோட்பாடு அது. அதில் அடர்த்தி இருக்கிறது, பரப்பு இழுவிசை இருக்கிறது, உள்ளுறை வெப்பம் இருக்கிறது. சேர்கோணம் மட்டும் இல்லை. தாமிரமா, சிலிக்கானா, எண்ணெய் படிந்த இரும்பா என்று அது கேட்பதே இல்லை. பெரிய பாத்திரத்துக்கு ஓரளவு பொருந்திவிட்டதால், பரப்பு எப்படி இருந்தால் என்ன என்ற எண்ணம் பாடப்புத்தகம் வரை போய் உட்கார்ந்துவிட்டது.

அதை அசைத்தது 2003இல் வந்த ஒரு முடிவு. டெக்சாஸில் ஒரு குழு, நீரில் மிகச் சொற்ப அளவு அலுமினா நானோ துகள்களைக் கலந்து கொதிக்க வைத்தது. உச்சம் மூன்று மடங்கு ஆகிவிட்டது. உலகமே நானோ திரவத்தின் பின்னால் ஓடியது. திரவத்தின் வெப்பக் கடத்துத்திறன், பாகுநிலை என்று பக்கம் பக்கமாக அளந்தார்கள். சில ஆண்டுகளில் எம்.ஐ.டி. குழு சூடேற்றியின் பரப்பைப் பார்த்தது. கொதிக்கும்போது துகள்கள் பரப்பில் நுண்துளைகள் கொண்ட மேலுறையாகப் படிந்திருந்தன. படிந்த இடத்தில் சேர்கோணம் வெகுவாகக் குறைந்திருந்தது. மாறியது திரவம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, மாறியிருந்தது சுவர். இந்தத் துறைக்குள் வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லும் வரலாறு இதுதான்.

பாத்திரத்திலேயே இப்படியென்றால், நூறு மைக்ரான் கால்வாயில் கேட்கவே வேண்டாம். அங்கே நீரின் எந்தத் துளியும் ஏதாவது ஒரு சுவரிலிருந்து ஐம்பது மைக்ரானுக்குமேல் தள்ளி இருக்க முடியாது.

ஆனால் அந்தச் சுவர் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்வதே பெரும்பாடு. சிலிக்கானில் நேர்குத்தாக ஆழம் தோண்ட பாஷ் முறை என்று ஒன்று உண்டு. கந்தக ஹெக்ஸாஃபுளோரைடு வாயுவின் பிளாஸ்மா கொஞ்சம் தோண்டும். உடனே வாயுவை மாற்றி, பக்கச் சுவர் அரிக்கப்படாமல் இருக்க ஃபுளோரோகார்பன் படலம் ஒன்றைப் பூசும். மறுபடி தோண்டும், மறுபடி பூசும். இப்படி மாற்றி மாற்றிச் செய்துதான் கால்வாய் கீழிறங்குகிறது. பக்கச் சுவரில் நுண்ணிய வரிவரியான பள்ளங்கள் விழும். அந்த ஃபுளோரோகார்பன் படலம் டெஃப்லானின் உறவுக்காரன். முழுமையாக நீக்காமல் விட்டால், கால்வாயின் அடித்தளத்தில் நீர் பரவும், பக்கச் சுவரிலிருந்து விலகும். மேல்மூடியோ கண்ணாடி. ஒரே கால்வாய், மூன்று விதமான சுவர்கள். வெறும் சிலிக்கான் வில்லையில் சொட்டு வைத்து அளந்து "எங்கள் கால்வாயின் சேர்கோணம் இத்தனை டிகிரி" என்று எழுதும் கட்டுரைகளை நான் நம்பாததற்கு இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் காற்று. எங்கள் சில்லுகள் பெங்களூரில் தயாராகும். சுத்த அறையில் ஆக்ஸிஜன் பிளாஸ்மா காட்டி எடுத்த சில்லின் மேல் நுண்குழாயால் ஒரு சொட்டு வைத்தால், சொட்டு என்று சொல்லவே முடியாது. வைத்த கணமே பரவி, வானவில் நிறங்கள் ஓடும் படலமாகி, விளிம்பு எங்கே என்று தெரியாமல் போகும். அதே சில்லைப் பெட்டியில் வைத்து பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குக் கொண்டுவந்து, கண்ணாடி மூடி, குழாய் பொருத்தி, சோதனை மேசையில் ஏற்றுவதற்குள் நாட்கள் ஓடிவிடும். அப்போது உடன்பிறந்த இன்னொரு சில்லில் சொட்டு வைத்துப் பார்த்தால், அது வட்டமாக எழுந்து நிற்கும். பக்கவாட்டு விளக்கொளியில் அதன் விளிம்பு கத்தரித்தாற்போல் துல்லியமாகத் தெரியும். யாரும் அதன்மேல் எதையும் தடவவில்லை. காற்றில் மிதக்கும் கரிமச் சேர்மங்கள் தாமாக வந்து படிந்திருக்கின்றன. பம்பு எண்ணெயின் ஆவி, ரப்பர் வளையத்தின் வாடை, அறைக்குப் பூசிய பெயிண்ட், எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு. ஒரு மூலக்கூறு தடிமனுக்குப் படிந்தாலே போதும், நீருக்கு அது வேறு சுவர்.

எங்கள் பட்டறையில் திருநெல்வேலிப் பக்கத்து மூத்த டெக்னீஷியன் ஒருவர் இருந்தார். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். ஒரே வில்லையில் அடுத்தடுத்து வெட்டியெடுத்த இரண்டு சில்லுகள் கொதிப்பில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் நடந்துகொண்டபோது, நாங்கள் மாணவர்களோடு உட்கார்ந்து சூத்திரத்தைத் துருவிக்கொண்டிருந்தோம். அவர் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, சில்லுல என்ன தடவுனியன்னு பேசாதிய. எந்த டப்பாவுல கெடந்துச்சுன்னு பாருங்க." பார்த்தோம். ஒன்று தூய நீருக்குள் மூழ்கிக் கிடந்தது. மற்றது, அடியில் சிலிக்கோன் ஜெல் பூசிய பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தது. சில்லு நகராமல் பிடித்துக்கொள்ள வசதியான டப்பாதான். ஆனால் அந்த ஜெல்லிலிருந்து மெல்லக் கசியும் சிலிக்கோன் சில்லின்மேல் படிந்து, நீரை விலக்கத் தொடங்கியிருந்தது. அன்றிலிருந்து எங்கள் குறிப்பேட்டில் டப்பாவுக்கென்று ஒரு பத்தி வந்தது. அந்த மனிதரின் பெயர் எந்தக் கட்டுரையிலும் வராது. எங்கள் தரவில் பாதி அவர் கண்ணுக்குக் கடன்பட்டது.

சரி, கால்வாய்க்குள் கோணத்தை எப்படி அளப்பது? வழக்கமாக இரண்டு மைக்ரோலிட்டர் சொட்டு வைப்பார்கள். நூறு மைக்ரானுக்கு நூறு மைக்ரான் குறுக்களவுள்ள கால்வாய்க்குள் அந்த ஒரு சொட்டை ஊற்றினால் இருபது சென்டிமீட்டர் நீளத்துக்கு ஓடும். எங்கள் சில்லே அவ்வளவு நீளம் கிடையாது. அதனால் ஊசிப் பம்பு வைத்து நீரை மெல்ல மெல்ல உள்ளே நகர்த்தி, நுண்ணோக்கியில் மேலிருந்து பார்ப்போம். நீரின் முன்விளிம்பு நடுவில் குழிந்து, ஓரங்களில் முன்னேறியிருந்தால் பக்கச் சுவர் நீரை விரும்புகிறது. நடுவில் புடைத்து ஓரங்களில் பின்தங்கினால் விலக்குகிறது. விளிம்பு சுவரைத் தொடும் கோணத்தை அப்படியே படத்தில் அளக்கலாம். நீர் முன்னேறும்போது ஒரு கோணம், பின்வாங்கும்போது வேறு கோணம். கொதித்தலுக்கு இரண்டுமே வேண்டும். ஆவியாகிக் குறையும் படலம் சுவரில் ஒட்டி நிற்குமா என்பதைப் பின்வாங்கும் கோணம் சொல்லும். காய்ந்த இடத்துக்கு நீர் திரும்புமா என்பதை முன்னேறும் கோணம் சொல்லும். ஒரே ஒரு எண்ணைக் கொடுத்து "இதுதான் சேர்கோணம்" என்பது பாதிச் செய்தி.

இவ்வளவையும் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகுதான் உண்மையான ஒப்பீடு சாத்தியமானது. ஒரு சில்லைப் பிளாஸ்மாவும் அமிலமும் காட்டி முழுக்க நீர்நாட்டமாக்கினோம். இன்னொன்றில் நீண்ட கார்பன் சங்கிலி கொண்ட சிலேன் கரைசலை ஓடவிட்டு, மூன்று நானோமீட்டர்கூட வராத ஒற்றை மூலக்கூற்று அடுக்கைப் பூசினோம். அதில் கோணம் 110 டிகிரி அளவுக்குப் போகும். நீரை நன்கு கொதிக்கவைத்துக் கரைந்த காற்றை விரட்டிய பிறகே இரண்டிலும் செலுத்தினோம். காற்று மிச்சமிருந்தால் அதுவே குமிழாகி ஆளை ஏமாற்றும்.

நீர்விலக்கும் கால்வாய் சீக்கிரமே விழித்துக்கொண்டது. கொதிநிலையைச் சில டிகிரி தாண்டியதுமே அங்கங்கே சிறு குமிழ்கள், பதற்றமில்லாமல். காரணம் சுவரின் நுண்குழிகள். குமிழ் பிறக்க ஒரு வித்து வேண்டும். நீர் நுழையாமல் விட்ட குழியில் சிக்கியிருக்கும் ஆவியோ காற்றோதான் அந்த வித்து. கொதிநிலைக்குமேல் பத்து டிகிரி சூடு இருந்தால், சுமார் 3 மைக்ரான் ஆரமுள்ள வாய்கொண்ட குழி விழித்தெழும் என்பது கணக்கு. நீர்விலக்கும் சுவரில் அப்படிப்பட்ட குழிகளுக்குள் நீர் இறங்காது, வித்து பத்திரமாக இருக்கும்.

நீர்நாட்டச் சுவரில் நேர்மாறு. நீர் ஒவ்வொரு குழிக்குள்ளும் இறங்கி நிரப்பிவிடும். எனவே கால்வாய் நெடுநேரம் சும்மா இருந்தது. நீர் கொதிநிலையைத் தாண்டி இருபது, முப்பது டிகிரி அதிகமாகச் சூடேறியும் குமிழே இல்லை. பிறகு ஓரிடத்தில் ஒன்று பிறக்கும். அதுவரை சேர்த்துவைத்த சூடெல்லாம் அந்த ஒரு குமிழுக்குள் பாய்ந்து, சில மில்லிவிநாடிகளில் கால்வாய் முழுவதையும் நிரப்பிவிடும். நீர் பின்னால் தூக்கியெறியப்படும். முதலில் பார்ப்பவர்கள் நீர்விலக்கும் சுவர்தான் சிறந்தது என்று முடிவுகட்டிவிடுவார்கள். அப்படி முடிவுகட்டிய ஆய்வுகளும் உண்டு.

வெப்பத்தைக் கூட்டிக்கொண்டே போனால்தான் மறுபக்கம் தெரியும். ஆவி நீண்ட குமிழாகக் கால்வாயின் நடுவே ஓடும் நிலையில், சுவருக்கும் ஆவிக்கும் இடையே சில மைக்ரான் தடிமனில் நீர்ப்படலம் இருக்கும். சூட்டைத் தின்பது உண்மையில் அந்தப் படலம்தான். நீர்நாட்டச் சுவரில் அது கிழியாமல் நிற்கிறது. கால்வாயின் நான்கு மூலைகளிலும் நீர் ஒட்டிக்கொண்டு ஓடி, படலத்துக்குத் தொடர்ந்து ஊட்டுகிறது. 100 டிகிரி நீருக்கு, நூறு மைக்ரான் சதுரக் கால்வாயில், முழுதாக நனையும் சுவர் கொடுக்கும் நுண்புழை இழுப்பு சுமார் 2,300 பாஸ்கல். ஒரு ஜாண் உயர நீரின் அழுத்தம் அது. பம்பு தரும் தள்ளலோடு இது இலவசமாகச் சேர்கிறது. நீர்விலக்கும் சுவரிலோ படலம் பிய்ந்து சிறு சிறு துளிகளாகச் சுருண்டுகொள்ளும். துளிகளுக்கு இடையே வறண்ட திட்டுகள். அங்கே சுவர் ஆவியைத்தான் தொடுகிறது, வெப்பநிலை ஏறிக்கொண்டே போகும். திரும்ப நீர் வர வேண்டுமென்றால் அந்த நுண்புழை விசை இப்போது எதிர்த்து நிற்கும். சீக்கிரம் விழித்தது, சீக்கிரமே களைத்துப்போனது.

என் தீர்ப்பு இதனால்தான் இரண்டு பக்கமும் சாயாது. குமிழ் பிறக்கும் இடம் நீரை விலக்க வேண்டும், மற்ற இடமெல்லாம் நீரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 2010இல் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு ஒன்று, நீர்நாட்டப் பரப்பில் நீர்விலக்கும் புள்ளிகளை அச்சிட்டு, பாத்திரக் கொதிப்பில் இதை நிரூபித்தது. கால்வாயில் அதைச் செய்வதற்கு வேறு இடைஞ்சல் இருக்கிறது. புள்ளிகளை மூடி போடுவதற்கு முன்பே அச்சிட்டாக வேண்டும். ஆனால் சிலிக்கானையும் கண்ணாடியையும் மின்னழுத்தம் கொடுத்து ஒட்டும்போது 350, 400 டிகிரி சூடாக்குகிறோம். அந்தச் சூட்டில் கரிமப் பூச்சு தாக்குப்பிடிக்காது. ஒட்டிய பிறகு பூசினால் கால்வாய் முழுக்கப் பூச்சாகிவிடும், புள்ளி வராது. மூடியை ஒட்டாமல், ரப்பர் வளையம் வைத்து இறுக்கிப் பார்த்தோம். சோதனைக்குச் சரி, பொருளாக்க முடியாது. வாய் குறுகி உள்ளே அகன்ற குழிகளைச் சுவரிலேயே செதுக்கிவிடும் வழிதான் எனக்கு அதிகம் நம்பிக்கை தருகிறது. நீரை விரும்பும் சுவரிலும் அந்தக் குழி ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பூச்சே வேண்டாம் என்பதால் உரிந்துபோக ஒன்றுமில்லை.

உரிந்துபோவது சாதாரணச் சங்கதி அல்ல. கொதிநீர் சிலேன் பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தெடுக்கும். சோதனை முடிந்து கால்வாயில் மறுபடி கோணம் பார்த்தால், சூடு அதிகம் பட்ட இடத்தில் நீர் விளிம்பு புடைப்பதற்குப் பதில் நேர்க்கோடாக நின்றிருக்கும். ஆரம்பத்தில் எழுதிவைத்த 110 டிகிரி கடைசித் தரவுப்புள்ளிக்குப் பொருந்தவே பொருந்தாது. நீர்நாட்டச் சுவரும் கொதிக்கக் கொதிக்க மாறுகிறது, மெல்ல.

குளிர்பதன வாயுக்களோடு வேலை செய்யும் நண்பர்கள், "எங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை" என்பார்கள். அவர்கள் சொல்வது சரிதான். அவற்றின் பரப்பு இழுவிசை மிகக் குறைவு, எந்தச் சுவரையும் நனைத்துவிடும். 1985இல் வந்த கிரே-2 சூப்பர் கணினியை மூழ்கவைத்துக் குளிர்வித்த ஃபுளோரினெர்ட் திரவமும் அந்த ரகம். ஆனால் அந்த வகை ஃபுளோரின் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்குபவை. 2025 இறுதிக்குள் அவற்றின் உற்பத்தியை நிறுத்துவதாக 3எம் நிறுவனம் 2022 டிசம்பரில் அறிவித்தது. உள்ளுறை வெப்பத்திலும் அவை நீரின் கால்வாசிகூட இல்லை. ஆக, வழி மறுபடி தண்ணீரிடம்தான் திரும்புகிறது.

தண்ணீரிலும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. சில்லு 100 டிகிரியில் உட்கார்ந்திருக்க முடியாது. 60 டிகிரியில் கொதிக்கவைக்க வேண்டுமானால், உள்ளே அழுத்தத்தைக் காற்றழுத்தத்தின் ஐந்தில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். அங்கே ஆவி மிக மெலிந்தது. ஒரு கிராம் நீர் 1,600 மடங்குக்குப் பதில் 7,500 மடங்கு பெருகும். அதே பத்து டிகிரி கூடுதல் சூட்டுக்கு, 3 மைக்ரானுக்குப் பதிலாக 14 மைக்ரான் ஆரமுள்ள குழி வேண்டும். குமிழ் பிறப்பதும் கடினம், பிறந்தால் அடக்குவதும் கடினம். சுவரைப் பற்றி இன்று தெரிந்திருப்பதைவிடப் பல மடங்கு நுட்பமாக அன்று தெரிந்திருக்க வேண்டும்.

இந்தத் துறைக்கு வரும் இளைஞர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கோணத்தை வெளியே வில்லையில் அளக்காதீர்கள், கால்வாய்க்குள் அளங்கள். முன்னேறும் கோணம், பின்வாங்கும் கோணம் இரண்டையும் எழுதுங்கள். கொதிப்பதற்கு முன் ஒருமுறை, கொதித்து முடித்தபின் ஒருமுறை. சுத்தம் செய்து எத்தனை நாளாயிற்று, எந்தப் பெட்டியில் இருந்தது, நீரிலிருந்து காற்றை எவ்வளவு நேரம் விரட்டினீர்கள் என்பதையும் சேருங்கள். இதழ் ஆசிரியர்கள் இடமில்லை என்று வெட்டினால் பின்னிணைப்பிலாவது வையுங்கள். ஒருவர் நீர்நாட்டம் நல்லது என்றும் மற்றவர் நீர்விலக்கம் நல்லது என்றும் எழுதிவைத்திருக்கும் பல கட்டுரைகளை இன்று நம்மால் ஒப்பிட்டுப் பார்க்க முடியாமல் இருப்பது, அந்த நாலு வரி இல்லாததால்தான்.